கொழும்பில் வாடகை கட்ட முடியாத மாதம்: யாரிடம், எதை, எந்த வரிசையில் கேட்பது

சில அனர்த்த நேரங்கள் தவிர, வாடகை கட்டுவதற்கென்றே பணம் கொடுக்கும் அரச அலுவலகம் கொழும்பில் கிடையாது. இதை முதலே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். பிரதேச செயலகத்துக்குப் போய் “வாடகைக்கு உதவி வேணும்” என்று கேட்டால், அங்கே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எடுத்துத் தர அவரிடம் அப்படியொரு படிவம் இல்லை. ஆனால் மருந்துச் செலவுக்கு, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு, உலர் உணவுக்கு, கடனில் மாட்டியவருக்கு என்று கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆகவே செய்யவேண்டியவை மூன்று: வீட்டுக்காரரிடம் தவணை வாங்குவது, உங்களுக்கு வரவேண்டிய பணத்தை வெளியே எடுப்பது, மற்றச் செலவுகளுக்கு உதவி பெற்று அந்தக் காசை வாடகைக்குத் திருப்புவது.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வட்டிக்கு வாங்கி, பிறகு நகையை வைத்து, எல்லாம் தீர்ந்தபின்தான் வீட்டுக்காரரிடம் வாய் திறக்கிறார்கள். அதற்குள் இரண்டு மாத வாடகை ஏறிவிடும், வீட்டுக்காரரின் மனமும் கசந்துவிடும்.

முதலில் வீட்டுக்காரர்

வாடகைத் திகதிக்கு முன்பே சொல்லுங்கள். 5ஆம் திகதி கட்டவேண்டியதை 1ஆம் திகதி சொன்னால் அது வேண்டுகோள். 12ஆம் திகதி அவர் போன் எடுத்தபின் சொன்னால் சாக்கு. நேரில் பேசுவது நல்லது. ஆனால் பேசிய அன்றே வட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள். குரல் பதிவு வேண்டாம். பிறகு தேடி எடுத்துக் காட்டுவது கஷ்டம், உதவி கேட்கும் இடங்களில் அச்செடுத்துக் கொடுக்கவும் முடியாது. இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம் அண்ணா. ஜூன் மாத வாடகை 45,000 ரூபாவில் 5ஆம் திகதி 20,000 போடுவேன். வேலை நின்றதால் முழுவதும் கட்ட முடியாமல் இருக்கிறது. மிச்சம் 25,000ஐ ஜூலை, ஓகஸ்ட் வாடகையோடு 12,500 வீதம் சேர்த்துக் கட்டுவேன். சம்மதம் என்றால் ஒரு பதில் போடுங்கள்.”

தொகை, திகதி, ஒரே வரியில் காரணம், பதிலுக்கு ஒரு வேண்டுகோள். அதற்குமேல் குடும்பக் கதை எழுதத் தேவையில்லை. வீட்டுக்காரர் சிங்களவர் என்றால் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள். அரைகுறையாகப் புரிந்த தவணைதான் பின்னர் சண்டையாகிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் பல பிளட்களின் சொந்தக்காரர்கள் லண்டனிலோ டொராண்டோவிலோ இருப்பார்கள். வாடகை வாங்குவது ஒரு உறவினர் அல்லது புரோக்கர். தவணை கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவருக்கு இல்லை. உங்கள் கஷ்டத்தை அவர் எப்படிச் சொல்வார் என்பதும் உங்கள் கையில் இல்லை. சொந்தக்காரருக்கே நேரடியாக எழுதி, இடையில் இருப்பவருக்கும் அதையே அனுப்புங்கள். அவரைத் தாண்டிப் போனதாக நினைக்கமாட்டார்.

கையில் இருப்பது பாதியே ஆனாலும் திகதிக்குப் போட்டுவிடுங்கள். வங்கியில் போடும்போது குறிப்பு இடத்தில் “ஜூன் வாடகை, பகுதி” என்று எழுத மறக்கவேண்டாம். எழுதாவிட்டால் பழைய மின்சாரப் பாக்கிக்கு வைத்துக்கொண்டேன் என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால், “இன்று 20,000 ரூபா கையில் தந்தேன் அண்ணா” என்று அங்கேயே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ் பணம் இருக்கிறதே என்று எல்லாருக்கும் தோன்றும். அதைக் கழிக்கச் சொல்வதில் தவறில்லை, ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. அக்ரிமென்டை எடுத்துப் பாருங்கள். மாதா மாதம் வாடகையில் கழியும் முற்பணம் வேறு, வீடு விடும்போது திருப்பித் தரும் வைப்புப் பணம் வேறு. இரண்டாவதுதான் என்றால், சும்மா கழிக்கச் சொன்னால் வீட்டுக்காரர் மறுப்பார். சேதத்துக்கும் பில் பாக்கிக்கும் அவர் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். மாதம் 45,000, வைப்பு மூன்று மாதத்துக்கு 135,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தை அதில் கழித்துவிட்டு, அடுத்த மூன்று மாதமும் வாடகையோடு 15,000 கூட்டி 60,000 கட்டி அதை நிரப்பித் தருவதாகக் கேளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் அக்ரிமென்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இந்தத் தவணைப் பேச்சு எதில் கெடுகிறது தெரியுமா? முதல் தவறியதில் இல்லை, இரண்டாவது வாக்குத் தவறுவதில். 12,500 கட்டுவேன் என்று சொல்லுமுன், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். நிச்சயமில்லை என்றால் 8,000 என்று சொல்லி மாதங்களைக் கூட்டுங்கள்.

வீட்டுக்காரர் அரசாங்கம் என்றால் வழி வேறு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடி வீடுகளிலோ தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தொடர்மாடிகளிலோ மாதக் கட்டணப் பாக்கி ஏறியிருந்தால், தவணையில் கட்ட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள். சட்ட அறிவித்தல் வந்தபின் போவதைவிட வருமுன் போனால் பேச்சு இலகு.

உங்களுக்கே வரவேண்டிய பணம்

வேலை போனதால் வாடகை தவறியது என்றால், யாரிடமும் கை நீட்டுமுன் பழைய முதலாளியிடம் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

ஈ.டி.எஃப்., அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியம், பலர் மறந்துபோகும் பணம். முதலாளி மாதாமாதம் சம்பளத்தின் 3 வீதத்தை உங்கள் பெயரில் கட்டியிருக்கவேண்டும். வேலையை விட்டதும் வயது வரம்பு இல்லாமல் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு 5 வருடம் போகவேண்டும். விண்ணப்பத்தில் முதலாளியின் உறுதிப்படுத்தல் தேவை, இழுபடுவது அங்கேதான். வேலையை விடும் அன்றே அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொள்வது புத்தி.

ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதியம், பற்றித் தவறான நம்பிக்கை நிறைய உண்டு. வேலையில் இருக்கும்போதே மீதியில் 30 வீதம் வரை எடுக்கும் வசதி இருப்பது உண்மை. ஆனால் குறைந்தது 10 வருட உறுப்புரிமையும் கணக்கில் 300,000 ரூபாவும் இருக்கவேண்டும், காரணம் வீடு வாங்குவது, கட்டுவது, திருத்துவது போன்றதாகவோ குறிப்பிட்ட வைத்தியச் செலவாகவோ இருக்கவேண்டும். வாடகை அதில் அடங்காது. வாடகைக் காசை விழுங்கியது ஒரு சத்திரசிகிச்சை என்றால் அந்த வழியை விசாரித்துப் பார்க்கலாம்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டாலும், சம்பளமே பாக்கி என்றாலும், வேலைத்தலம் இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் எழுத்து முறைப்பாடு செய்யுங்கள். நியாயமின்றி நிறுத்திவிட்டார்கள் என்ற முறைப்பாடு என்றால் 6 மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இந்த மாத வாடகைக்கு இது உதவாது. ஆனால் முறைப்பாட்டுப் பிரதியை வீட்டுக்காரரிடம் காட்டினால், பணம் வரப்போகிறது என்பதற்கு அது ஒரு கண்கண்ட சான்று.

சீட்டுக் கட்டுபவராக இருந்தால், சீட்டுப் பிடிப்பவரிடம் உங்கள் முறையை முன்னால் மாற்றித் தரக் கேளுங்கள். வட்டி இல்லாமல் கிடைக்கும் பெரிய தொகை இதுவே. அடுத்த முறைக்காரருக்கு அவசரமில்லை என்றால் மாற்றிக்கொள்வது வழக்கம்தான்.

நகை அடகு

நகை இருந்தால் வட்டிக்காரரைவிட வங்கி அடகு எவ்வளவோ மேல். இலங்கை வங்கி, மக்கள் வங்கி உட்படப் பல வங்கிகளில் அடையாள அட்டையோடு போனால் அன்றே பணம் கிடைக்கும். பவுணுக்கு, அதாவது 8 கிராமுக்கு, எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறு. இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். கல்லின் எடையும் அரக்கின் எடையும் கழியும். ஆகவே கல் நகையைவிட வளையல், சங்கிலிக்குக் கூடக் கிடைக்கும்.

கிடைக்கக்கூடிய முழுத் தொகையையும் எடுக்கவேண்டாம். 45,000 தேவை என்றால் 45,000 மட்டும். வட்டி எடுத்த தொகைக்குத்தானே. அடகுக்கடையில் வட்டியை மாதக் கணக்கில் சொல்வார்கள், வங்கியில் வருடக் கணக்கில். மாதம் 3 வீதம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் அது வருடத்துக்கு 36 வீதம். இரண்டையும் வருடமாக்கி ஒப்பிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவருக்கென்றே ஒரு பொறி இதில் இருக்கிறது. தவணை முடிந்தால் ஏல அறிவித்தல் அடகுச் சீட்டில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். அதற்குள் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடக்கும், நகை ஏலத்தில் போய்விடும். வீடு மாறிய கிழமையே புதிய விலாசத்தையும் போன் இலக்கத்தையும் எழுதிக்கொடுங்கள். முழுவதும் மீட்க முடியாவிட்டால் வட்டியையாவது கட்டிப் புதுப்பியுங்கள்.

அரச கதவுகள்

முதல் கதவு ஜீ.எஸ்., கிராம உத்தியோகத்தர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தவர்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியாருக்குத் திம்பிரிகஸ்யாய, தெஹிவளையாருக்குத் தெஹிவளை. ஜீ.எஸ். எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். அலுவலக நாட்கள் கதவில் எழுதியிருக்கும்; போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

கொழும்புத் தமிழருக்கு இங்கேதான் பெரிய முட்டுக்கட்டை. வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருக்கும். இங்குள்ள ஜீ.எஸ். “உங்களைத் தெரியாது” என்பார், ஊர் ஜீ.எஸ். “நீங்கள் இங்கே இல்லையே” என்பார். பதிய வீட்டுக்காரர் விரும்பாததும் உண்டு. அப்படியானால் வதிவிடத்தைக் காட்டும் வேறு தாள்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள்: அக்ரிமென்ட், பொலிஸில் கொடுத்த குடியிருப்போர் பதிவின் பிரதி, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், இந்த விலாசத்துக்கு வந்த வங்கிக் கடிதம். பொலிஸ் பதிவை ஒரு தொல்லையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். இந்த நேரத்தில் அது கைகொடுக்கும் தாள்.

அஸ்வெசும, அதாவது வறிய குடும்பங்களுக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவு, அவசர உதவி அல்ல. விண்ணப்பம் கோரும் காலத்தில் பதிந்து, வீட்டுக்கு வந்து கணக்கெடுத்து, பட்டியல் வந்து, மேன்முறையீடும் முடியவேண்டும். 2025 ஜனவரி முதல் வறிய பிரிவுக்கு மாதம் 10,000, அதி வறிய பிரிவுக்கு 17,500 ரூபா. கொழும்பு வாடகைக்கு அது காணாது, ஆனால் சாப்பாட்டுச் செலவைத் தாங்கும். முன்பு தகுதியில்லை என்று விடப்பட்டவர்கள், நிலைமை மாறியிருந்தால் செயலகத்திலுள்ள நலன்புரி நன்மைகள் பிரிவில் கேளுங்கள், தொலைபேசி 1924.

அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். முதியோர், இயலாமை உள்ளவர், கணவனை இழந்தவர், நீண்டகால நோயாளி வீட்டில் இருந்தால் அவரைத் தனியாகச் சந்தியுங்கள். வைத்தியச் செலவுதான் அடி என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். கோட்டை வரை போகவேண்டியதில்லை. எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. அவசரமென்றால் சிங்களப் பிரதி ஒன்றும் கூட வைத்தால் கோப்பு வேகமாக நகரும். அது உரிமையல்ல, தந்திரம்.

வெள்ளம், தீ போன்றவற்றால் வீட்டை விட்டு வந்தவர்கள் அன்றே ஜீ.எஸ்.ஸின் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தபோது நடந்ததுபோல், சில அனர்த்தங்களில் மட்டும் அரசு வாடகைப் பணம் அறிவிக்கும். பட்டியலில் இல்லாதவருக்கு அது வந்து சேராது.

பள்ளிவாசல், கோவில், ஊர்ச்சங்கம்

உண்மையில் வேகமாகக் கிடைப்பது இங்கேதான்.

முஸ்லிம்களுக்கு மஹல்லாப் பள்ளிவாசலின், அதாவது தங்கள் வட்டாரப் பள்ளிவாசலின், ஸகாத் (கடமையான தர்மம்) அல்லது பைத்துல்மால் (பொது நிதி) குழு. ஸகாத் பெறும் எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர், வாடகைப் பாக்கியும் கடன்தான்; ஆகவே இந்த மாதச் செலவு என்று கேட்காமல் இவ்வளவு பாக்கி நிற்கிறது என்று கேளுங்கள். வேறு மஹல்லாவில் குடியிருந்தால் சொந்தப் பள்ளியின் கடிதம் கேட்பார்கள். பல பள்ளிகளில் நிதி ரமழானில் சேர்ந்து பிறகு கரையும். அடுத்த ரமழானுக்கு முந்திய மாதங்களில் கை வறண்டிருக்கும்.

கத்தோலிக்கப் பங்குகளில் புனித வின்சன்ட் டி போல் சபையினர் வீட்டுக்கு வந்து பார்த்து உதவுவார்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் அவர்களிடம் சேர்ப்பார். கத்தோலிக்கர் அல்லாதவரும் கேட்கலாம்.

இந்துக் கோவில்களில் வாடகைப் பணமாகக் கிடைப்பது அருமை, உலர் உணவும் மாணவர் உதவியும் அறங்காவலர்கள் மூலம் கிடைக்கலாம். அதைவிட ஊர் நலன்புரிச் சங்கமும் படித்த பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளையும் கைகொடுக்கும். வெளிநாட்டில் இருக்கும் வகுப்புத் தோழர் குழுவில் ஒருவர் வாய் திறந்தால் ஒரு மாத வாடகை இரண்டு நாளில் வந்துவிடும். குழுவில் நீங்களே போடக் கூச்சமென்றால் செயலாளரிடம் தனியே சொல்லுங்கள். பெயர் வெளிவராமல் செய்து தருவார்கள்.

எங்கே போனாலும் ஒரே கோப்பு. அடையாள அட்டைப் பிரதி, அக்ரிமென்ட், கடைசி மூன்று மாத வாடகைச் சிலிப், வேலை நின்ற கடிதம் அல்லது வைத்திய அறிக்கை, ஜீ.எஸ். கடிதம், பாக்கி எவ்வளவு என்று வீட்டுக்காரர் எழுதித் தந்த தாள். மூன்று பிரதி எடுங்கள். பணத்தை என் கையில் தரவேண்டாம், வீட்டுக்காரரின் கணக்குக்கே போடுங்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சந்தேகம் பாதி அங்கேயே தீரும்.

பாக்கிக் கடிதம் கேட்டால் வீட்டுக்காரர் மறுக்கக்கூடும். பெரும்பாலும் கோபத்தால் அல்ல, வாடகை வருமானம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கண்ணில் படும் என்ற பயத்தால். அவரை வற்புறுத்தாதீர்கள். தொகையைச் சொல்லும் அவருடைய வட்ஸ்அப் பதிலின் அச்சுப் பிரதியும் பழைய வங்கிச் சிலிப்பும் போதும் என்று பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

முதலில் பணம் கட்டினால் உதவி எடுத்துத் தருகிறேன் என்பவரும், போனுக்கு வந்த ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்பவரும் உதவி செய்பவர்கள் அல்ல.

வட்டிக்காரரும் கடன் செயலிகளும்

10,000 கேட்டால் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருகிறார், நாளுக்கு 200 வீதம் 60 நாள் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000. இரண்டு மாதத்தில் கையில் வந்ததன் மூன்றில் ஒரு பங்கு வட்டி. போனில் எடுக்கும் கடன் செயலிகள் சில இதைவிட மோசம், தொடர்பு இலக்கங்களை எல்லாம் எடுத்து உறவினருக்கு அழைப்பார்கள். வங்கி, நிதிக் கம்பனி தொடர்பான முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. அடுத்த மாதமும் வரும் வாடகையை நாள் வட்டியால் கட்ட முடியாது. ஒருமுறை வரும் செலவுக்கே அது வினை.

பூட்டைப் போட்டுவிட்டால்

பாக்கி இருந்தாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியே தள்ளவோ கதவைப் பூட்டவோ முடியாது. சாமானை வெளியே வைத்தாலோ பூட்டை மாற்றினாலோ அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். “இது சிவில் பிரச்சினை” என்று அனுப்பப் பார்ப்பார்கள். பதிவு மட்டுமாவது போடுங்கள் என்று பணிவாக நில்லுங்கள், ஏனென்றால் அந்தத் திகதிதான் பின்னால் பேசும். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66, 68ஆம் பிரிவுகளின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய நிலையில், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை நீதிமன்றம் மீண்டும் குடியமர்த்தலாம். வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அது நடந்திருக்கவேண்டும். பொலிஸ் போடாவிட்டால் நீங்களே போடலாம். பணமில்லை என்றால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மேலே சொன்ன கோப்போடு போங்கள். வருமானத்தைப் பார்த்து ஏற்பார்கள்.

சண்டை முற்றவில்லை, ஆனால் பேச்சும் ஓடவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது. பலர் இணக்க சபை என்பார்கள். செலவு மிகச் சொற்பம், இருவரும் ஒத்துக்கொண்ட தவணை அங்கே எழுத்தாகும்.

சட்டம் உங்கள் பக்கம் முழுவதுமாக இருக்கிறது என்று எண்ணவேண்டாம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பழைய வீடுகளுக்குத் தந்த பாதுகாப்பு இன்றைய பிளட், அனெக்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. அந்தச் சட்டத்துள் வரும் பழைய வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் மாநகர சபையில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். மற்ற வீடுகளில், குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி தந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்றக் கடதாசி வந்தால் ஒரு நாளும் பிந்தாமல் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதில் குறித்த திகதிக்குப் போகாமல் விட்டவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள்.

விட்டுப் போவதே சரி என்றால்

மூன்று மாதத்துக்கு அப்பாலும் வருமானம் தெரியவில்லை என்றால் பாக்கியை ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டாம். ஒரு முழு மாத அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, வைப்புப் பணத்தில் பாக்கியைக் கழிக்கச் சொல்லிச் சின்ன இடத்துக்கு மாறுவது கௌரவக் குறைச்சல் அல்ல. சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும், மின்சார, தண்ணீர் மீட்டர் இலக்கங்களையும் படமெடுங்கள். கடைசி பில் தொகை, கழித்த பாக்கி, திருப்பித் தரவேண்டிய மீதி, தரும் திகதி நான்கையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள். “பிறகு பார்த்துத் தாறன்” என்றால், அந்த “பிறகு” எந்தத் திகதி என்று அங்கேயே எழுதி வாங்குங்கள்.